எண்கட்டப் புதிர் வந்த வழி

வடாலா ரோடு புகைவண்டி நிலையத்தில் மும்பைத் துறைமுகப் பாதை இரு கிளைகளாகப் பிரிகின்றது. ஒரு கிளை குர்லா, செம்பூர் வழியாகப் பன்வேலை நோக்கிச் செல்லும். மற்றொன்று கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியாக அந்தேரிப் பக்கம் திரும்பும். காலை வேளையில் இவ்விரு கிளைகளிலிருந்தும் வருகின்ற வண்டிகளில் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் செல்வோர் நெருக்கியடித்து நிற்பார்கள். அண்டாப் ஹில் மத்திய அரசுக் குடியிருப்பிலிருந்து புறப்பட்டு அவ்வண்டிகளில் பல்லாண்டுகளாகப் போய்வருகின்ற நாம், ஒரு காட்சியைத் தவறாமல் கண்டு வருகின்றோம். காலூன்ற இடமில்லாத அந்த நெருக்கத்திலும் யாரேனும் ஒருவர் நாளேட்டை நான்காக மடித்துப் பிடித்து, அதிலுள்ள எண்பத்தொரு சிறு கட்டங்களைப் பென்சிலால் நிரப்பிக் கொண்டிருப்பார். இளைஞர்கள் இதையே கைப்பேசியில் செய்கின்றார்கள். சுடோக்கு என்று உலகம் அழைக்கும் எண்கட்டப் புதிர் அது.

ஒருநாள் இப்புதிரைப் பற்றி நம் பெட்டியில் ஒரு வாக்குவாதம் எழுந்தது. மாதுங்காவில் குடியிருக்கும் முதியவர் ஒருவர், இது நம் நாட்டுச் சரக்கே என்றும், கஜுராஹோ கோயிலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கின்றார்கள் என்றும் அடித்துச் சொன்னார். அவருடைய நண்பரோ, பெயரே ஜப்பானியப் பெயராக இருக்கும்போது இதில் ஐயமென்ன என்று கேட்டார். இருவரும் நம்மை நடுவராக்கினார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது பலரின் எண்ணம்! வண்டி மஸ்ஜித் நிலையத்தை அடைந்துவிட்டபடியால் அன்று தப்பினோம். ஆனால் கேள்வி நம்மை விடவில்லை. தேடிப் படித்தோம். இருவர் சொன்னதும் சரியன்று என்பது தெரிந்தது. உண்மை அவ்விரண்டையும்விடச் சுவையாக இருந்தது.

புதிரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுவோம். வானொலியில் படம் காட்ட இயலாது. ஆகவே நேயர்கள் மனத்திலேயே ஒரு சதுரம் வரைந்துகொள்ளல் வேண்டும். கிடையாக ஒன்பது வரிசைகள். அவற்றை நிரை என்போம். நெடுக்காக ஒன்பது வரிசைகள். அவற்றை நிரல் என்போம். நம் கணித நூல்கள் வழங்கும் நல்ல சொற்கள் இவை. இச்சதுரம் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகளாகவும் தடித்த கோடுகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிரையிலும், ஒவ்வொரு நிரலிலும், ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒவ்வொன்றும் ஒரு முறையே வருதல் வேண்டும். சில எண்கள் முன்னமே கொடுக்கப்பட்டிருக்கும். எஞ்சியவற்றை நாம் கண்டு நிரப்புதல் வேண்டும்.

இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள். எண்களுக்குப் பதிலாக ஒன்பது எழுத்துகளையோ ஒன்பது பழங்களின் படங்களையோ வைத்தாலும் புதிர் மாறாது. மாதுங்கா முதியவரின் வாதம் இங்கேதான் இடறுகின்றது. கஜுராஹோவில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்சுவநாதர் கோயிலின் வாயில்நிலையில் உள்ளது மாயச் சதுரம். நான்கு நிரை, நான்கு நிரல். 1 முதல் 16 வரையுள்ள எண்கள். முதல் நிரை 7, 12, 1, 14. இரண்டாவது 2, 13, 8, 11. மூன்றாவது 16, 3, 10, 5. நான்காவது 9, 6, 15, 4. எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வரும். மூலைவிட்டங்களைக் கூட்டினாலும் 34 தான். வியக்கத்தக்க வேலைப்பாடு, எனினும் அது கூட்டலின் அற்புதம். சுடோக்கு, இடத்தைப் பற்றிய தருக்கம். இரண்டும் ஒன்றல்ல.

ஆனால் முதியவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வரவில்லை. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில், வாசனைப் பொருள்கள் கூட்டும் பகுதியில், நான்குக்கு நான்கான ஒரு சதுரத்தைத் தருகின்றார். பதினாறு வாசனைப் பொருள்களை அச்சதுரத்தின் பதினாறு கட்டங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பங்கு என்பதை எண்ணால் குறிக்கின்றார். முதல் நிரை 2, 3, 5, 8. இரண்டாவது 5, 8, 2, 3. மூன்றாவது 4, 1, 7, 6. நான்காவது 7, 6, 4, 1. எந்த நிரையில் உள்ள நான்கு பொருளை எடுத்தாலும், எந்த நிரலில் உள்ள நான்கை எடுத்தாலும், மொத்தம் 18 பங்கு. அது மட்டுமன்று. இச்சதுரத்தை இரண்டுக்கு இரண்டான நான்கு பெட்டிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பெட்டியின் கூட்டும் 18 ஆகவே இருக்கின்றது. நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நிரை, நிரல், பெட்டி என்ற மூன்று கட்டுப்பாடுகளும் ஒரே சதுரத்தில் சேர்ந்து நிற்பதை இங்கே காண்கின்றோம். இதைக் கொண்டு சுடோக்குவுக்கு வராகமிகிரரே தந்தை என்று சொல்லிவிட முடியாது. தூரத்து உறவு எனலாம்.

1356ஆம் ஆண்டில் நாராயண பண்டிதர் இயற்றிய கணித கௌமுதியின் இறுதி அத்தியாயம் முழுவதும் இத்தகைய சதுரங்களைப் பற்றியதே. எண்களை ஓர் ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கிய இரு சதுரங்களை அமைத்து, கை கூப்புவதுபோல் ஒன்றின்மேல் ஒன்றை மடித்துச் சேர்த்து மாயச் சதுரம் ஆக்கும் முறையை அவர் விளக்குகின்றார். நம் இராமானுஜனும் இவ்வகைச் சதுரங்களில் ஈடுபாடு கொண்டிருந்தார். அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் முதல் அத்தியாயம் மாயச் சதுரங்களைப் பற்றியது.

சுடோக்குவின் நேரான முன்னோர் வேறொரு குடும்பத்தவர். சுவிட்சர்லாந்தில் பிறந்து ருசியாவில் வாழ்ந்து மறைந்த ஆய்லர் என்னும் கணித மேதையின் கட்டுரை ஒன்று 1782இல் வெளிவந்தது. ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஒவ்வொரு குறியும் ஒரே முறை வருமாறு அமைத்த சதுரத்தை அவர் அதில் ஆராய்ந்தார். குறிகளாக இலத்தீன் எழுத்துகளை இட்டபடியால் இலத்தீன் சதுரம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. (1715இல் மறைந்த கொரிய அறிஞர் சோய் சொக்-ஜொங், ஆய்லருக்கு முன்பே ஒன்பதுக்கு ஒன்பதான இத்தகைய சதுரங்களை அமைத்திருந்தார். பெயர் சூட்டும் உரிமை முன்னவருக்கே கிடைக்கும் என்பது உலக வழக்கத்தில் இல்லை போலும்!)

ஆய்லர் எழுப்பிய வினா பிரசித்தமானது. ஆறு படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு வெவ்வேறு பதவியில் உள்ள அதிகாரிகள், ஆக 36 பேர். ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஆறு பிரிவினரும் ஆறு பதவியினரும் அமையுமாறு அவர்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா? முடியாது என்று ஆய்லர் கருதினார். ஆறுக்கு மட்டுமன்று, 10, 14, 18, 22 என்று நான்கு நான்காகக் கூடிச் செல்லும் எண்களுக்கும் முடியாது என்று ஊகித்தார். ஆறுக்கு முடியாது என்பதைத் தாரி என்ற பிரெஞ்சுக்காரர் 1900இல் உறுதிப்படுத்தினார். மற்ற எண்களைப் பற்றிய ஊகம் 177 ஆண்டுகள் அசையாமல் நின்றது.

அதை அசைத்தவர் இருவர் இந்தியர். 1959இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த இராஜ் சந்திர போசும் சரத்சந்திர ஷிரிகண்டேயும், 22க்கு அத்தகைய சதுரம் உண்டு என்று அமைத்தே காட்டினார்கள். பார்க்கர் என்ற அமெரிக்கர் 10க்குக் கண்டார். பின்னர் மூவரும் சேர்ந்து, 2, 6 என்ற இரண்டைத் தவிர ஆய்லரின் ஊகம் வேறெந்த எண்ணுக்கும் பொருந்தாது என்பதை நிலைநாட்டினார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளேடு இச்செய்தியை முதற்பக்கத்தில் வெளியிட்டது. கணிதச் செய்திக்கு முதற்பக்கம் கிடைப்பது அரிது. ஆய்லரைக் கெடுத்தவர்கள் என்று மூவருக்கும் வேடிக்கையாக ஒரு பட்டமும் கிடைத்தது.

இவர்களுள் ஷிரிகண்டே, மத்தியப் பிரதேசத்துச் சாகர் நகரில் 1917இல் பிறந்தவர். 1963இல் பம்பாய்ப் பல்கலைக்கழகக் கணிதத்துறைக்குத் தலைவராக வந்து, ஓய்வு பெறும்வரை இந்நகரிலேயே பணி செய்தார். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் 102ஆம் வயதில் மறைந்தார். வடாலாவிலிருந்து வண்டியேறிச் சுடோக்கு நிரப்புகின்ற நம்மவர்களில் எத்தனை பேர் அவருடைய பெயரைக் கேட்டிருப்பார்கள்? கஜுராஹோவுக்குப் போய்ப் பெருமை தேடுகின்ற நாம், நம் நகரிலேயே வாழ்ந்த ஒருவரை அறியாமல் இருந்திருக்கின்றோம். இக்குறை நமக்கும் உண்டு. இதற்காகத் தேடிப் படிக்கும்வரை அவர் பெயர் நமக்கும் தெரியாது.

இலத்தீன் சதுரம் காகிதத்திலேயே நின்றுவிடவில்லை, வயலில் இறங்கியது. உரங்களையோ விதைகளையோ சோதிக்கும்போது, நிலத்தின் ஒரு பக்கம் வளமாகவும் மற்றொரு பக்கம் வறண்டும் இருந்தால் சோதனை பொய்த்துவிடும். ஒவ்வொரு வகையையும் ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் ஒரு முறை விதைத்துவிட்டால் அந்த வேற்றுமை சமனாகிவிடும். இங்கிலாந்தில் பிஷர் 1920களில் இம்முறையைப் பரப்பினார். 1956இல் பெரன்ஸ் என்ற ஜெர்மானியர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். நிலத்தைப் பெட்டிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு வகையும் ஒரு முறை வரட்டும் என்றார். நிரை, நிரல், பெட்டி! முழுமையாக நிரப்பிய சுடோக்கு, பெரன்ஸ் கூறிய வயல் அமைப்பின் ஒரு வகையே. ஆனால் அவர் அதைப் புதிராக எண்ணவில்லை.

புதிராக எண்ணியவர்கள் முன்பே பாரிஸ் நகரில் இருந்தார்கள். 1895ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் லா பிரான்ஸ் என்னும் நாளேடு, ஒன்பதுக்கு ஒன்பதான சதுரத்தில் 1 முதல் 9 வரை நிரப்பும் ஒரு புதிரை வெளியிட்டது. பெட்டிகளைப் பிரிக்கும் கோடுகள் மட்டும் அதில் இல்லை. பின்னர் அவ்வழக்கம் மறைந்துபோயிற்று.

இன்றுள்ள வடிவில் புதிர் முதன்முதல் அச்சானது அமெரிக்காவில், டெல் நிறுவனத்தின் புதிர் இதழ் ஒன்றில், 1979ஆம் ஆண்டு மே மாதம். எண்ணிடம் என்று பொருள்படும் பெயரில் வந்த அதன்மேல் ஆக்கியவர் பெயர் இல்லை. பல்லாண்டுகளுக்குப் பின், அது உலகப் புகழ் பெற்றபோது, இதை ஆக்கியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க் டைம்ஸின் புதிராசிரியரான வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களைப் புரட்டினார். ஒவ்வோர் இதழின் முகப்பிலும் அவ்விதழுக்குப் புதிர் அளித்தவர்களின் பெயர்ப்பட்டியல் இருந்தது. எண்ணிடப் புதிர் வந்த இதழ்களிலெல்லாம் ஹவர்ட் கார்ன்ஸ் என்ற பெயர் இருந்தது. புதிர் வராத இதழ்களில் அப்பெயர் இல்லை. இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் அவர். 1989இல் இறந்துவிட்டார். தம் புதிரை மும்பைப் புகைவண்டியில் ஒருவர் நிரப்புவார் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார். கட்டத்தில் எண்ணைக் கண்டுபிடிப்பது போலவே, விலக்க வேண்டியவற்றை விலக்கி அந்த மனிதரைக் கண்டுபிடித்தார்கள்.

1984இல் ஜப்பானின் நிக்கோலி என்னும் புதிர் இதழ் நிறுவனம் இதை அந்நாட்டில் அறிமுகப்படுத்தியது. அதன் தலைவர் மாகி காஜி, எண்கள் தனித்தே இருத்தல் வேண்டும் என்ற பொருளில் ஒரு நீண்ட பெயரிட்டார். தனித்திருத்தலுக்கு அவர் ஆண்ட சொல் மணமாகாதவரைக் குறிப்பது. எனவே பிரமசாரி எண்கள் என்று மொழிபெயர்த்தாலும் பிழையில்லை. குதிரைப் பந்தயத்துக்குப் போகும் அவசரத்தில் சூட்டிய பெயர் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நீண்ட பெயர் சுருங்கிச் சுடோக்கு ஆயிற்று. ஜப்பானில் அப்பெயர் நிக்கோலியின் வணிகக்குறி ஆகிவிட்டபடியால், அங்கே மற்ற இதழ்கள் எண்ணிடம் என்ற பழைய ஆங்கிலப் பெயரையே வழங்குகின்றன. ஆங்கிலேயர்களோ ஜப்பானியப் பெயரை வழங்குகின்றார்கள்! மொழிபெயர்ப்பாளர் வாழ்வில் இதைவிட வேடிக்கை ஏது? ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற நியூசிலாந்துக்காரர் வெயின் கூல்ட், 1997இல் தோக்கியோ புத்தகக் கடையில் இப்புதிரைக் கண்டு, அதை ஆக்குவதற்குக் கணினி நிரல் எழுத ஆறாண்டுகள் உழைத்தார். அவர் அளித்த புதிரை இலண்டன் டைம்ஸ் 2004ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியிட்டது. அடுத்த ஆண்டே உலக நாளேடுகளில் பரவியது. நம் நாட்டிலும் புகுந்தது. உலகச் சுடோக்குப் போட்டி 2008இல் கோவாவிலும் 2017இல் பெங்களூரிலும் நடைபெற்றது.

இனி, புதிதாகத் தொடங்குவோர் எவ்வாறு விடுவிப்பது? நாம் தொடங்கிய கதையைச் சொன்னால் எப்படித் தொடங்கக்கூடாது என்பது விளங்கும். சிவ்ரி நிலையத்தில் ஓர் ஐயமான கட்டத்தில் பேனாவால் துணிந்து 4 என்று எழுதினோம். காட்டன் கிரீன், ரே ரோடு வரை எல்லாம் இசைந்தே வந்தது. சாண்டர்ஸ்டு ரோடு வந்தபோது ஒரே நிரையில் இரண்டு 4! எந்த இடத்தில் பிழை நுழைந்தது என்பதைக் காண வழியில்லை. ஊகித்து எழுதுவோருக்கு நேரும் கதி இதுவே. ஒழுங்காக அமைத்த புதிருக்கு விடை ஒன்றே. அதற்கு ஊகம் தேவையில்லை.

தொடக்கக்காரர் பெரும்பாலும் ஒரு வெற்றுக் கட்டத்தை உற்றுநோக்கி, இதில் எந்த எண் வரும் என்று கேட்கின்றார். கேள்வியைத் திருப்பிப் போடுதல் எளிது: இந்த எண் இப்பெட்டியில் எங்கே வரும்? கொடுத்த எண்களுள் அதிகமாக வந்திருப்பது எதுவோ அதிலிருந்து தொடங்குக. அது 7 என்று கொள்வோம். மேலுள்ள மூன்று பெட்டிகளை மட்டும் பார்ப்போம். இடப்பெட்டியில் 7 முதல் நிரையில் இருக்கின்றது. நடுப்பெட்டியில் மூன்றாம் நிரையில் இருக்கின்றது. அப்படியானால் வலப்பெட்டியில் 7 இரண்டாம் நிரையில்தான் வரமுடியும். அங்கே மூன்று கட்டங்கள். ஒன்றில் 2 என்று முன்பே இருக்கின்றது. எஞ்சிய இரண்டில் ஒன்றின் நிரலில், கீழே எங்கோ ஒரு 7 இருக்கின்றது. ஆகவே மற்றதில் 7 எழுதலாம், பேனாவாலேயே எழுதலாம். தொடக்கநிலைப் புதிர்களில் பெரும்பகுதி இம்முறை ஒன்றினாலேயே நிரம்பிவிடும்.

இம்முறை ஓய்ந்தபின் கட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கட்டத்தின் நிரையில் 1, 4, 8, 9 இருக்கின்றன. நிரலில் 2, 7, 9. பெட்டியில் 3, 5. இவற்றையெல்லாம் நீக்கினால் எஞ்சுவது 6 ஒன்றே. நிரை, நிரல், பெட்டி ஆகிய மூன்றிலும் நெருக்கமாக நிரம்பியிருக்கும் இடத்தில்தான் இது கைகொடுக்கும். ஆகவே வெறுமையான மூலையை விட்டு நெருக்கமான பக்கத்தில் தேடுக.

இதற்கும் மசியாத புதிரில் கட்டத்தின் ஓரத்தில் வரக்கூடிய எண்களைப் பென்சிலால் சிறிதாகக் குறித்துக்கொள்ளல் வேண்டும். குறித்தபின் இரண்டு செய்திகள் கண்ணில் படும். ஒரு நிரையில் இரண்டு கட்டங்களில் 2, 8 என்ற இரண்டு மட்டுமே குறிக்கப்பட்டிருந்தால், எது எதில் வரும் என்று தெரியாவிட்டாலும், அவ்விரண்டும் அவ்விரு கட்டங்களுக்கே உரியன; அந்நிரையின் மற்றக் கட்டங்களிலிருந்து 2, 8 இரண்டையும் அழித்துவிடலாம். அவ்வாறே ஒரு பெட்டியில் 5 வரக்கூடிய இடங்கள் எல்லாம் ஒரே நிரையில் அமைந்திருந்தால், அந்நிரையில் அப்பெட்டிக்கு வெளியே 5 வர இயலாது. எண்ணை எழுதாமலேயே எண்ணை விலக்கும் வித்தை இவை இரண்டும். நமக்குப் பழக ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. தண்டவாளத்தில் நீர் தேங்கி வண்டி நின்றுவிடும் நாள்கள் இதற்கு மிகவும் உதவின.

குறைந்தது எத்தனை எண்கள் கொடுத்தால் விடை ஒன்றே ஒன்றாக இருக்கும் என்பதும் பலரைக் குழப்பிய கேள்வி. எட்டு வகை எண்களாவது கொடுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதைச் சிறுவரும் உணரலாம்: 3, 6 என்ற இரண்டும் அடியோடு இல்லாவிட்டால், விடையில் 3 உள்ள இடங்களில் 6ஐயும் 6 உள்ள இடங்களில் 3ஐயும் மாற்றி எழுதினாலும் சரியான விடையாகவே இருக்கும். ஆனால் எட்டு எண் போதாது. 17 எண்கள் கொண்ட புதிர்கள் பல கிடைத்தன. 16 கொண்டது ஒன்றும் கிடைக்கவில்லை. அயர்லாந்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த கேரி மெக்கயர் குழுவினர், கணினிகளைக் கொண்டு நெடுங்காலம் தேடி, 16இல் அமையாது என்று 2012இல் அறிவித்தார்கள். முழுமையாக நிரப்பிய சதுரங்கள் மொத்தம் எத்தனை என்பதை 2005இல் பெல்கன்ஹவரும் ஜார்விசும் கணக்கிட்டிருந்தார்கள்: 6,670,903,752,021,072,936,960. இருபத்திரண்டு இலக்கம். நாளேடுகளுக்குப் புதிர் தீர்ந்துபோகுமோ என்ற கவலை வேண்டாம்.

இவ்வளவையும் திரட்டிக்கொண்டு அந்த இரு நண்பர்களையும் மறுபடி வண்டியில் சந்தித்தோம். கஜுராஹோ இல்லை என்றதும் முதியவர் முகம் சிறிது வாடிற்று. ஜப்பானும் இல்லை என்றதும் தெளிந்தது. ஷிரிகண்டேயைப் பற்றிச் சொன்னோம். அப்படியொருவர் இந்நகரிலா இருந்தார் என்று இருமுறை கேட்டு, நாளேட்டின் ஓரத்தில் அப்பெயரை எழுதச் சொல்லிப் பென்சிலை நம்மிடம் நீட்டினார். எழுதிக் கொடுத்தோம். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ஏட்டைத் திருப்பிப் பிடித்து, வலப்பக்கக் கீழ்ப்பெட்டியில் 5 எங்கே வரும் என்று கேட்டார்.